ஆற்றுப் படத்துக்கு இருபத்து மூன்று மார்க்

எங்கள் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் எங்கள் ஊர் சிகடோகா பக்கத்து ஹோட்டல்கள் காலியாகிவிட்டன. அண்ணனின் படங்களை வாங்க வெள்ளைக்காரர்கள் வரவில்லை. அதுவரை அவன் பிளைவுட் பலகையில் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தான். ஒரு ஓரத்தில் தென்னை, மறு ஓரத்தில் கடலில் இறங்கும் சூரியன். பலகையைத் தேய்த்து வெள்ளை பூசிக் கொடுப்பது நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறென்ன வேலை?

"இது ரொட்டி" என்பான், சூரியனைக் காட்டி. "பாரு, வட்டமாத்தானே இருக்கு."

வாங்க ஆள் இல்லை என்றானதும், "இனிமே எனக்குன்னு வரையறேன் பாப்பா" என்றான். வெள்ளம் வந்த எங்கள் ஆற்றை வரைந்தான். பலகை முழுக்கப் பழுப்பு. எது தண்ணீர், எது கரை என்றே தெரியாது. பல வாரம் அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் உயிரோடு திரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் எங்களுக்கு நியூசிலாந்து விசா கிடைத்தது. அம்மாவையும் என்னையும் கூட்டிப்போக ஆக்லாந்திலிருந்து மாமா பையன் வந்தான். அங்கே கம்ப்யூட்டர் படிக்கிறவன். பெட்டியில் துணிக்கு அடியில் மூன்று பலகை மட்டும்தான் போகும். எதை எடுக்க? எதை எடுத்தாலும் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

மாமா பையனின் லேப்டாப்பில் ஒரு புரோகிராம் இருந்தது. படத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் எத்தனை நிறம், வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே என்று கணக்குப் போடும். நிறையப் பேர் நல்லது என்று சொன்ன படங்களோடு ஒப்பிட்டு அழகுக்கு மார்க் கொடுக்கும்.

"எல்லாத்தையும் போட்டுப் பாரு" என்றேன்.

சூரியன்களுக்கு எண்பது, எண்பத்தொன்று. ஆற்றுக்கு இருபத்து மூன்று.

"அரே, இது வெறும் கணக்கு. உங்க அண்ணனப் பத்தி இதுக்கு என்ன தெரியும்? நீயே பாத்து எடு."

"மெஷின் சொன்னாப் போதும்."

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. விட்டுவிட்டு வருவது நானில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ரொட்டிகளை அம்மாவின் சேலையில் சுற்றி வைத்தேன். மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆக்லாந்தில் அம்மா ஒன்றை ஹாலில் மாட்டியிருக்கிறாள். யார் வந்தாலும் காட்டுவாள். "எம் புள்ள வரைஞ்சது. நல்லதாப் பாத்து எடுத்துட்டு வந்தா இவ." நான் டீ போடப் போய்விடுவேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "அந்தப் பழுப்புப் பலக குடுத்தியே, குசினி ஜன்னலுக்கு அளவு எடுத்தாப்புல இருந்துச்சுடி. கண்ணாடி ஒடஞ்ச எடத்துல வச்சு அடிச்சுட்டோம். ஒரு சொட்டு மழ உள்ள வரல. நீ நல்லா இருக்கணும்."

வரைந்த பக்கம் வீட்டுக்குள்ளே இருக்கிறதா, மழையில் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சரிக்கா, நல்லது" என்று போனை அவளிடம் நீட்டினேன்.

"என்னடி, அங்க மழையா?" என்று அம்மா ஆரம்பித்தாள்.