படப்பை முதல் ஒரகடம் வரை ஒரு புத்தகம்

எங்கள் கம்பெனிப் பேருந்தில் டிரைவர் இருக்கையை ஒட்டி இருந்த இன்ஜின் மூடியின் சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நாலாக மடித்த பழைய பெட்ஷீட் ஒன்றை அதன்மேல் போட்டு வைத்திருப்பார் டிரைவர் அண்ணன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே சூடு ஏற ஆரம்பித்துவிடும்; இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் அந்த இடத்துக்கு எங்களுக்குள் போட்டி இருந்தது. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவர் அங்கே உட்கார்ந்துதான் அதை அவருக்குச் சொல்ல வேண்டும். படப்பை தாண்டியதும் ஆரம்பித்து, ஒரகடம் கூட்ரோடு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அந்தப் புத்தகம் அந்த வருடக் கணக்கில் சேரும்.

கார்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குன்றத்தூரிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பேருந்தில் போகும். ஒரு ஜனவரி மாதம், அசெம்பிளி லைனில் வேலை பார்த்த நெல்லைப் பெண் ஒருத்திதான் இதை ஆரம்பித்துவைத்தாள். "ஏக்கா, எல்லாரும் போன்ல படம் போடுதாவ, இந்த வருசம் அம்பது புஸ்தவம் படிக்கப் போறோம்னு. நாம இங்க தெனமும் வாயப் பொளந்துட்டுத் தூங்கிட்டுத்தான போறோம்?" என்றாள். நான் சிறு வயதிலிருந்தே புத்தகப் பைத்தியம். உடனே சேர்ந்துகொண்டேன். மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தோம். லைனில் தொங்கும் உற்பத்திப் பலகையைப் போலவே ஓர் அட்டையில் கட்டம் போட்டோம். பெயர், டார்கெட், உண்மையில் முடித்தது எத்தனை என்பதற்கு ஆக்சுவல். எங்களுக்கு வேறு மாதிரி பலகை போடத் தெரியாது. அதை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியபோது அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ஆளாளுக்கு டிக் அடிச்சிக்கினா யாரு கண்டது? எங்கிட்ட கதைய சொல்லுங்க. நான் ஓகே சொன்னாத்தான் ஓகே" என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். எங்கள் நடுவராக ஆனது அப்படித்தான்.

என் டார்கெட் நாற்பது. நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். கதையை முதலிலிருந்து ஆரம்பித்து, பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, கூட்ரோடு சிக்னலுக்குச் சரியாக முடித்துவிடுவேன். அந்த நெல்லைப் பெண் எனக்கு நேர் எதிர். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக் கதையைச் சொல்ல உட்கார்ந்தாள். அதில் ஓர் அத்தை வெளியூரிலிருந்து வருகிறாள், அவளை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான், இவள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. "அத்தன பேரு இருக்காவ, ஒருத்தி வாயத் தொறந்து 'வாங்க'ன்னு சொல்லக் கூடாதாண்ணே? பந்தி பந்தியாப் போகுது, அவ தூணுக்குப் பக்கத்துல நிக்கா!" என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். கூட்ரோடு வந்துவிட்டது, கல்யாணம் முடியவே இல்லை. அண்ணன் ஓகே சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணே, பாதி பீஸுக்குப் பாஸ் போடுறீங்க? எங்க செக்‌ஷனா இருந்தா ரிஜெக்ட்" என்றேன். "அந்தப் பொண்ணு படிச்சிருக்குது மேடம்" என்றார்.

அந்த டிசம்பரில் நான் முப்பத்தொன்பதில் நின்றேன். வீட்டில் விருந்தாளிகள், வேலையில் ஆடிட். ஒரு லாரிக்காரக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை எடுத்தேன். தடிமனான நாவல். முதல் இருபது பக்கம், பின்னட்டை, கடைசி அத்தியாயம், இவற்றை மட்டும் பார்த்துவிட்டு இன்ஜின் மூடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். தங்குதடையில்லாமல் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே வந்து, "மூணு தலைமுறையா லாரி ஓட்டிக்கினு கீறாங்க, ஒரு வாட்டி கூடவா பஞ்சர் ஆவல?" என்றார். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தலையாட்டினார். நாற்பது ஆனது.

அதற்கடுத்த வருடம் பேருந்து ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது. அண்ணனைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓடும் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் டீக்கடையில் எங்களுக்கெல்லாம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். நான் தனியாக நின்றபோது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த லாரிக் கதை நீங்க படிக்கல, கரீட்டா?" என்றார். எனக்குக் காது சூடானது. "எப்படித் தெரிஞ்சது?" என்றேன். "படிச்சவங்களுக்கு ஒழுங்கா சொல்ல வராது மேடம். எங்கியாவது மாட்டிக்கினு நிப்பாங்க. நீங்க பைபாஸ்ல போற மாரி போய்க்கினே இருந்தீங்க." தெரிந்திருந்தும் ஏன் ஓகே சொன்னீர்கள் என்று கேட்டேன். "வருசக் கடைசி. உங்க மூஞ்சியப் பாத்தேன். வேணாம்னு சொன்னா அங்கியே அழுதுடுவீங்க போல இருந்துச்சு" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பதை முப்பத்தொன்பது ஆக்க மனம் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் பைக் சறுக்கி விழுந்தான். தலையில் அடி. அறுவைச் சிகிச்சை நடந்தது. பதினோரு நாள் கழித்துக் கண்ணைத் திறந்து என்னை "அம்மா" என்றான். நடக்கிறான், சாப்பிடுகிறான், பேசுகிறான். ஆனால் படிக்க முடியவில்லை. என்னைப் போலவே புத்தகப் பைத்தியம் அவன். ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தைய வரி போய்விடுகிறது என்றான். "நேத்து அடிச்ச வாசனை மாதிரி இருக்கும்மா, என்னன்னு தெரியல" என்றான். மருத்துவர், மெதுவாகத் திரும்பி வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் 'படிக்கட்டும்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

புத்தாண்டு அன்று ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டினேன். இந்த வருடம் பன்னிரண்டு புத்தகம். தினம் பத்துப் பக்கம். டார்கெட், ஆக்சுவல். நான் வேலையிலிருந்து திரும்பும்போது புத்தகத்துக்குள் வைத்த அடையாளச் சீட்டு சரியாகப் பத்துப் பக்கம் தள்ளியிருக்கும். ஜனவரி கடைசியில் முதல் புத்தகம் முடிந்தது. நான் பூரித்துப்போனேன். என் கணவர் கூட, "பாத்தியா, சரியாயிட்டான்" என்றார். கதையைச் சொல்லச் சொன்னேன். சோபாவில் உட்கார்ந்து சொன்னான். ஒரு கிராமம், ஒரு ஆசிரியர், அவருக்கு வரும் சிக்கல்கள், கடைசியில் அவர் ஊரைவிட்டுப் போகிறார். எங்கும் நிற்கவில்லை, எதற்கும் கோபப்படவில்லை. அது பின்னட்டை. சொற்கள் கூட அப்படியே பின்னட்டை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அழுதுவிடுவேனோ என்று.

நான் "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டிரைவர் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். விபத்துச் செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் எங்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர் அவர். அட்டையைப் பற்றியும் பின்னட்டையைப் பற்றியும் சொன்னேன். அவர் பக்கம் யாரோ ஹார்ன் அடித்தார்கள். "மேடம், லைனே இப்பத்தான் மெல்ல ஸ்டார்ட் ஆவுது. அதுக்குள்ள டார்கெட் போர்ட மாட்டிட்டீங்களே, உங்க சூப்பர்வைசர் கூட இப்டி பண்ண மாட்டான்" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பையனுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்காகத்தான் அவன் பக்கம் தள்ளிக்கினு கீறான். அந்த போர்ட நீங்க எடுத்துட்டீங்கன்னா அவன் நிறுத்திடுவான்."

அன்று மாலை அட்டையைக் கிழித்தேன். பசை பிடித்த இடத்தில் காகிதம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது; நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மகன் தண்ணீர் எடுக்க வந்தான். "ஏம்மா எடுக்குற?" என்றான். "அசிங்கமா இருக்கு" என்றேன். "ம்" என்றான். மறுநாளிலிருந்து அடையாளச் சீட்டு நகரவில்லை. பிப்ரவரி முழுக்க அவன் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. அட்டையை எடுத்தது தவறோ என்று எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் கேட்க நினைத்து, கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன். நாற்பது புத்தகம் படிப்பதைவிட அது கடினமாக இருந்தது. நானும் அந்த மாதம் எதையும் முடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் அறையிலிருந்து, "அம்மா, இந்த ஆளு ஏன் ஐஸ் போடுறான்?" என்று குரல் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து ஒரு நாவலைக் கையில் வைத்திருந்தான். புத்தகக் கண்காட்சியில் வாங்கி வந்து நான் பிரிக்காமலே அலமாரியில் செருகியது. கடலோர ஊர் ஒன்றில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை என்று அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"ஃபேக்டரிய மூடிட்டாங்கம்மா. கரண்ட் கட் பண்ண நாளைக்கு ஆள் வரான். கடலுக்கு யாரும் போகல, மீனே இல்ல. அப்பவும் இந்த அண்ணங்காரன் மிஷின ஓட விட்டு முழு லோடு ஐஸ் போடுறான். வாங்க ஆளே இல்ல. வாசல்ல அடுக்கி வெச்சிட்டு, உருகுறத உக்காந்து பாக்குறான். லூசா அவன்?" என்று கேட்டான். குரலில் எரிச்சல் இருந்தது. விழுந்த நாளிலிருந்து அவனிடம் நான் கேட்காத எரிச்சல் அது.

"தெரியலடா. நான் இன்னும் அதப் படிக்கல" என்றேன். "வாங்கி மூணு வருஷம் ஆச்சு, படிக்கலியா? நீயெல்லாம் ஒரு ரீடர்!" என்றான். அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்டேன். "தெரியல. நான் இதே பக்கத்துலதான் இருக்கேன். காலையிலருந்து நாலு தடவை படிச்சிட்டேன்."

மடித்த துணி கையில் அப்படியே நின்றது. கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டேன்.

"மறந்து மறந்து போகுதாப்பா?"

அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லம்மா. நல்லா இருக்கு, அதான்" என்றான்.