வலப்பக்கப் பை

இந்த ஊரில் நடமாடுகிற சட்டைகள் அத்தனையும் அந்தத் தையல்காரம்மாவின் கைபட்டவை. சரி, அத்தனையும் என்பது கொஞ்சம் தாராளமாக விட்ட துணிதான். பிடித்துத் தைத்தால் பாதி தேறும். ஆனால் பள்ளிக்கூடத்துச் சீருடைகளைப் பதினெட்டு வருடமாக அவள்தான் தைக்கிறாள் என்பதில் ஓர் அங்குலம்கூடக் குறைக்க முடியாது.

"என் கத்திரி ஒரு தடவைகூட தப்பா வாய் திறந்ததில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா போடும் நாத்தனார், அதைக் கேட்கும்போதெல்லாம் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். வாயில் நூல் இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா!

அன்று காலை பெற்றோர்களின் கைப்பேசிக் குழுவில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரி நடைவழி பெஞ்சில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. கீழே, 'அவசரம்! அவசரம்! அவசரம்! ரொட்டிக்கடை பன் சாப்பிட்ட நம் பிள்ளைகள் கவலைக்கிடம். உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்.'

நாத்தனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள். "என்ன அண்ணி இது, நேத்து சாயங்காலம் நாமளும்தானே ஆளுக்கு ரெண்டு பன் சாப்பிட்டோம்?"

"நீ மூணு" என்றாள் தையல்காரம்மா. "எந்தப் பிள்ளைங்க, எந்த ஆஸ்பத்திரி, என்னைக்கு நடந்தது, ஒண்ணுமே இல்ல. அவசரம் மட்டும் மூணு தடவை இருக்கு. இப்படி அவசரப்படுத்துறவன் நம்மள யோசிக்க விடமாட்டேங்கிறான்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். தைக்கிறவள் கண் முகத்துக்குப் போகாது, தையலுக்குத்தான் போகும். போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகளின் சட்டைப் பை, எல்லோருக்கும் இருக்கிற இடது மார்பில் இல்லை. வலது மார்பில் இருந்தது.

கைப்பேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை அது. ஐந்தாம் வகுப்புக்கு மொத்தமாக வெட்டும்போது, முன்பக்கத் துணிகளை அடுக்கி, பை வைக்கும் இடத்தில் குத்தூசியால் ஒரே குத்தாகக் குத்தினாள். குத்திய பிறகுதான் தெரிந்தது, அது வலப்பக்க அடுக்கு. துணியில் விழுந்த ஓட்டையைப் பை வைத்துத்தான் மறைக்க முடியும். எனவே பை வலப்பக்கமே போனது. பெரிய டீச்சர் கேட்டதற்கு, "பெரிய ஊர்கள்ல இப்ப இதுதான் டீச்சர் புது மாடல்" என்று கண் இமைக்காமல் சொன்னாள். அந்த மாடல் அந்த ஒரு வருடத்தோடு ஊரைவிட்டே போய்விட்டது.

ஆக, படம் ஆறு வருடப் பழசு. ரொட்டிக்கடை திறந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். அடுத்த வருடச் சீருடை யாருக்கு என்று பள்ளியில் முடிவெடுக்கப்போவதும் இந்த வாரம்தான்.

மதியத்துக்குள் ரொட்டிக்கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குழுவை நடத்துகிற இரும்புக்கடைக்காரர், தன் கடையிலிருந்தே புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வந்திருந்தார். உள்ளே ரொட்டிக்கடைக்காரர் மாவு ஒட்டிய கையோடு நின்றார். அவர் மனைவி, விற்காத பன்களின் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல கடையைக் காலி பண்ணு. பூட்டணும்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பின்னாலேயே நாத்தனார். வந்தவள் கடை வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூட்டுங்க பாப்போம். என்னையும் சேர்த்துத்தான் பூட்டணும்."

"என்னம்மா விளையாட்டு? பிள்ளைங்க உயிர் விஷயம்!"

"எந்தப் பிள்ளைங்க? இங்க நிக்கிறவங்கள்ல யார் பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கு? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் அடுத்தவர் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"அந்தப் படத்துல பை எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. வலப்பக்கம். அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் தைச்ச சட்டை."

இரும்புக்கடைக்காரர் விடவில்லை. "படம் திரும்பியிருக்கும். கண்ணாடியில இடம் வலமாத் தெரியலையா?"

"பின்னாடி சுவத்துல 'அமைதி காக்கவும்'னு எழுதியிருக்கே, அது மட்டும் எப்படிண்ணே நேரா இருக்கு?"

அவர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். கூட்டத்தில் இருந்த இன்னும் நாற்பது பேரும் கொண்டுபோனார்கள். காலையிலிருந்து எல்லோரும் அனுப்பிய படம்தான், பார்த்தது இப்போதுதான்.

"வலப்பக்கம் யாராவது பை வைப்பாங்களா? நீங்களே கதை கட்டுறீங்க" என்று ஒரு குரல் வந்தது.

தையல்காரம்மா நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மடியில் போட்டாள். "யாரும் வைக்க மாட்டாங்க. நான் வச்சேன். தப்பா குத்திட்டேன். புது மாடல்னு பொய் சொல்லி ஒப்பேத்திட்டேன். இந்தக் கடையைப் பத்திப் பொய் சொன்னவன் எங்கயோ ஒளிஞ்சிருக்கான். நான் இதோ உட்கார்ந்திருக்கேன். சீருடையை வேற யாருக்கு வேணும்னாலும் குடுங்க. பூட்டு மட்டும் இங்க ஏறாது."

அப்போது எதிர்வீட்டு அம்மா உள்ளே ஓடி ஒரு தரை துடைக்கும் துணியோடு திரும்பினாள். உதறினாள். நரைத்துப்போன சீருடைச் சட்டை, வலப்பக்கம் பை. "என் பெரியவனோடது! சுற்றுலா போறப்ப மலைப்பாதையில பஸ் முழுக்க வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில உட்கார வச்சாங்களே, அன்னைக்கு எடுத்த படம் இது! அவனுக்கு இப்ப மீசையே வந்தாச்சு!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியதும் கூட்டம் தளர்ந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி தட்டை அதன் இடத்திலேயே வைத்தாள். இரும்புக்கடைக்காரர் பூட்டைச் சட்டைப் பைக்குள் நுழைக்கப் பார்த்தார், அது போகவில்லை.

"நில்லுங்கண்ணே" என்றாள் தையல்காரம்மா. "பொய்யை அனுப்பின அதே குழுவுல இதையும் அனுப்பிட்டுப் போங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க. 'படம் ஆறு வருஷப் பழசு. கடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தையல்கடையில முப்பது சட்டைக்குத் தவறா வலப்பக்கம் பை வச்சதே அத்தாட்சி.' அடிச்சாச்சா?"

அவர் விரல் 'முப்பது' வரை வந்திருந்தது.

நாத்தனார் வாயிலிருந்த நூலை எடுத்தாள்.

"அதை அழிங்கண்ணே. எண்பத்தி நாலுன்னு போடுங்க. காஜா போட்டவ நான்."