பதினோராவது குழாய்

எங்கள் வீட்டுக்கு முகக்கவசம் மற்றவர்களுக்கு முந்தியே வந்துவிட்டது. பெருந்தொற்றுக்கு முந்தின இலையுதிர்காலத்தில் என் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். வந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடக் கூடாது என்பதற்காக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருந்தார்கள். பிறகு கொரோனா வந்தது. தடுப்பூசி வந்தபோது முதல் ஆட்களில் ஒருத்தியாக அவளுக்கு இரண்டும் போட்டார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த வைத்தியர், "போடாத மாதிரியே நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் சின்ன வீட்டுக்குள் நோய் வரக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று நான். மற்றது ஏழு வயது மகள். நான் பொதிகளைத் தரம்பிரித்து அனுப்பும் கூடத்தில் வேலை செய்கிறேன். வேலையால் வந்தால் நேரே குளியலறைக்குள் புகுந்து, சவர்க்காரம் போட்ட பிறகுதான் 'வந்திட்டன்' என்று குரல் கொடுப்பேன். நோயாளியோடு வாழ்பவன் என்ற முறையில் எனக்கும் ஊசி கிடைத்திருந்தது. மகளின் வயதுக்கு ஊசி இல்லை. அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியன். கணக்கில் நானும் மகளும் ஏறக்குறைய சமம். ஜெர்மன் பாடத்தில் அவள் எனக்கு இரக்கம் காட்டினாள். முதலில் இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. தை மாதத்தில் அவள் கமராவை நிறுத்தத் தொடங்கினாள். மாசியில் மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு பாடம் கேட்டாள். ஒருநாள் திரையில் ஆசிரியை அவளிடம் ஏதோ கேட்க, விடையை என் காதுக்குள் சொல்லிவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ அப்பா" என்றாள். சொன்னேன். கட்டைக் குரலில் இரண்டாம் வகுப்பு விடை வந்ததும் திரையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசைக்குக் கீழே சத்தமில்லை.

வசந்தத்தில் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். வகுப்பை இரண்டாக வெட்டி, ஒரு பாதி ஒருநாள், மறு பாதி மறுநாள். வீட்டில் கடும் நோயாளி இருந்தால் பிள்ளையை அனுப்பாமல் வைத்திருக்க ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்கலாம் என்று கடிதம் வந்தது. அன்ட்ராக் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முப்பது வருடமாக இந்த நாட்டில் விண்ணப்பம் எழுதியே வாழ்ந்தவன். அன்று மாலையே எழுதி முடித்து மனைவிக்கு முன்னால் வைத்தேன்.

"இதிலை ஒரு கையெழுத்து வையும்."

வாசித்தாள். "வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். நான் செத்துப்போவன் எண்டு மூண்டு இடத்திலை கிடக்கு."

"அப்பிடி எழுதினாத்தான் அவங்கள் விடுவாங்கள்."

"நான் வைக்கேல்லை."

"உமக்கு என்ன விசரே?"

"பிள்ளை மேசைக்குக் கீழை கிடக்கிறாள். அது உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையே? ஆரோ ஒருத்தர் செத்துத் தந்த கிட்னி எனக்கு. அதை வைச்சுக்கொண்டு என்ரை பிள்ளையை மேசைக்குக் கீழை வைச்சு வளக்கச் சொல்லுறியளே?"

முப்பது வருடத்தில் முதல் தரமாக, எழுதி முடித்த ஒரு அன்ட்ராக்கை நானே கிழித்தேன். அனுப்புவதென்று முடிவானது. மகளும் நானும் முன்னறையில் படுக்க வேண்டும், அம்மா படுக்கையறையில். அம்மாவுக்குப் பக்கத்தில் போனால் இரண்டு பேருக்கும் முகக்கவசம். யன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். சட்டங்களைப் போட்டது நான். யன்னலுக்குப் பக்கத்தில் படுத்து விறைத்ததும் நான்.

பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு இரண்டு தரம் சோதனை. மூக்குக்குள் விட்டுக் கிண்டுவதில்லை. பிள்ளைகள் ஒரு பஞ்சுக் குச்சியை அரை நிமிடம் லொலி மாதிரிச் சூப்பிவிட்டு, எல்லாரும் ஒரே குழாய்க்குள் போட வேண்டும். அந்தக் கூட்டுக் குழாயில் நோய் இல்லையென்றால் எல்லாருக்கும் இல்லை. இருக்கிறதென்றால், மறுநாள் எவரும் பள்ளிக்கு வர முடியாது. பெற்றோர் வீட்டில் பிள்ளையைத் தனியாக ஒரு குச்சி சூப்பவைத்து, தனிக் குழாயில் போட்டுக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெறுங்குழாய் தந்துவிட்டிருந்தார்கள். குழாயில் வெள்ளை ஒட்டுத்தாள், அதில் பார்கோட். "பத்திரமாக வைக்கவும்" என்று ஒரு துண்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்றால் சாமித்தட்டுத்தான். என் அகதி வழக்குக் கடிதங்கள் அங்கே இருந்திருக்கின்றன. குடியுரிமை விண்ணப்பம் இருந்திருக்கிறது. சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த ஆறு வருடமும் மருத்துவமனைக் கடிதம் பிள்ளையாரின் காலடியில்தான் கிடந்தது. வைக்கிற எதற்கும் ஒரு சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் வைப்பது என் வழக்கம். குழாய்க்கும் வைத்தேன். கண்ணாடியில் சந்தனம் வழுக்கியது. ஒட்டுத்தாளில் நன்றாகப் பிடித்தது.

மூன்றாவது கிழமை, திங்கட்கிழமை. மகள் பள்ளியால் வந்து கதைக்கத் தொடங்கினாள். மாதக்கணக்கில் வாயைத் திறக்காத பிள்ளை, யார் யாருக்குப் பல் விழுந்தது, யாருடைய பூனை குட்டி போட்டது என்று மூச்சு விடாமல் சொன்னாள். மனைவி குசினியில் முகக்கவசத்தைக் கழற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பூனைக்குட்டி எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக மகள் அம்மாவின் மடியில் ஏறினாள். அம்மா இறக்கவில்லை. தலையை நெஞ்சோடு சாய்த்து, தலைமயிரைக் கோதிக்கொண்டு கேட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். சட்டம் போட்டவன் நான். வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. திங்கட்கிழமைக் கூட்டுக் குழாயில் நோய் இருக்கிறது.

மனைவியின் அறைக் கதவைத் தட்டாமல் வெளியில் நின்று சொன்னேன். பிறகு உள்ளே திறப்பு திரும்பியது. பூட்டுகிறாள்.

"நேற்று மடியிலை வைச்சிருந்தனான்," என்றாள் கதவுக்குப் பின்னால்.

"ஓம். கண்டனான்."

"கண்டனீங்களே?"

மகளை எழுப்பிக் குச்சியைச் சூப்பவைத்தேன். சாமித்தட்டில் இருந்து குழாயை எடுத்துக் குச்சியை உள்ளே போட்டு மூடினேன். பயத்தில் பழைய பொட்டுக்கு மேல் புதிதாக இன்னொன்றைத் தடிப்பாக அப்பினேன். பள்ளி வாசலில் வைத்திருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை பெற்றோரின் வாட்ஸப் குழுவில் செய்திகள் வரத் தொடங்கின. எங்களுக்கு இல்லை. எங்களுக்கும் இல்லை, கடவுளுக்கு நன்றி. எங்களுக்கும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கட்டைவிரல் போட்டேன். மகள் எனக்குப் பக்கத்தில் இருந்து கடதாசியில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். பத்துக் கோடுகளோடு செய்திகள் நின்றுவிட்டன.

"அப்பா, திங்கக்கிழமை நாங்கள் பதினொரு பேர்," என்றாள். கடதாசியைப் பார்த்தாள். "அப்ப நானா?"

கதவுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அங்கேயும் கேட்டிருக்கிறது.

அப்போது தொலைபேசி அடித்தது. வகுப்பாசிரியை. சுற்றி வளைக்காமல் பேசுகிற நல்ல மனுஷி; அன்று சுற்றி வளைத்தார். ஆய்வுகூடத்தில் ஒரு குழாயை மட்டும் இயந்திரம் வாசிக்க மறுத்துவிட்டதாம். பார்கோட்டின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ தடிப்பாகக் காய்ந்திருக்கிறது, சுரண்டியபோது எண்ணும் சேர்ந்து போய்விட்டது, யாருடையது என்று தெரியாததால் சோதிக்கவில்லை என்றார்.

"காலைச் சாப்பாடு பட்டிருக்குமோ? கெச்சப், கடுகுச் சோஸ் மாதிரி?"

"இருக்கலாம்," என்றேன்.

முப்பத்து முக்கோடி தேவர்களையும் ஒரே மூச்சில் கெச்சப் ஆக்கிவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதிக் கூடத்தில் என் வேலையே பார்கோட் வாசிப்பதுதான். அதன் மேல் பசைநாடா ஒட்டி அனுப்புகிற சனத்தை நான் பன்னிரண்டு வருடமாக வாய்விட்டு ஏசி வருகிறேன். அறிவு கெட்டதுகள் என்பதுதான் அதில் மரியாதையான சொல்.

"என்னவாம்?" மனைவி கேட்டாள்.

சொன்னேன்.

"உங்களிட்டைப் பொதி குடுக்கிற சனத்தை நினைக்க எனக்குப் பாவமாக் கிடக்கு," என்றாள். பிறகு தணிந்த குரலில், "எத்தினை நாள் இன்னும்?"

"நாளைக்குப் பிள்ளையளின்ரை டொக்டரிட்டைத் திரும்பச் சோதனை எடுக்கவேணும். வியாழன்தான் முடிவு."

ஒரு பொட்டுக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் நாளுக்கு ஆறு தரம் காய்ச்சல் பார்த்தாள். வெப்பமானி பீப் என்று அடிக்கும் சத்தம் கதவால் கேட்கும். நான் சோற்றுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு ஏழு அடி பின்னால் போய் நின்று, "எவ்வளவு?" என்பேன். "முப்பத்தாறு ஏழு." அடுத்த தரம், "முப்பத்தேழு." அந்தப் புள்ளி மூன்றுக்காக நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் ஒருதரம் இருமினாள். வீட்டில் மூன்று பேரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினோம்.

"தண்ணி புரைக்கேறினது," என்றாள் உள்ளிருந்து. "போய் வேலையைப் பாருங்கோ."

கெச்சப் கதை எப்படியோ வாட்ஸப் குழுவுக்கும் போய்விட்டது. அதில் ஒரு தாய், காலையில் பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுவது பெற்றோரின் கடமை என்று பொதுவாக எழுதியிருந்தார். யாரைக் குறித்து என்பது பொதுவாக இல்லை. மகள் அதை என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு கெச்சப்போடு இருக்க என்னால் முடியவில்லை. எழுதினேன்: அது சாப்பாடு இல்லை. வீட்டுச் சாமியிடம் வைத்த பொருளுக்கு நான் இட்ட சந்தனமும் குங்குமமும். என் மகளின் கை சுத்தம். என் மனைவி மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறாள், அதனால் எனக்குப் பயம். பிறகு அந்தத் தாய்தான், கடையில் ஏதாவது வாங்கி வந்து வாசலில் வைக்கவா என்று கேட்டார்.

வியாழன் மத்தியானம் முடிவு வந்தது. மகளுக்கு இருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்று அதை எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மனைவி கேட்டது ஞாபகம் இருக்கிறது. "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" இல்லை என்றேன். "அழுறாளோ?"

மகள் அழுதுகொண்டிருந்தாள். "அம்மா சாகப் போறாவோ?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அது கெச்சப்பைவிடப் பெரிய துணிவு. எனக்குத் தெரியாது.

கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி நிலத்தில் இருந்தாள். இந்தப் பக்கம் மகளும் இருந்தாள். "பூனைக்குட்டிக்கு என்ன பேர் வைச்சவையாம்?" என்று அம்மா கேட்டாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

சுகாதாரப் பகுதி இரண்டு கிழமை வீட்டைப் பூட்டியது. மகளுக்கு ஒரேயொரு நாள் உடம்பு சுட்டது. மருத்துவமனை மனைவியை மூன்று தரம் அழைத்துச் சோதித்தது. முதல் தரம் இல்லை என்றார்கள். அது இன்னும் பிந்தித் தெரியலாம் என்றும் சொன்னார்கள். இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம், பன்னிரண்டாவது நாள், தொலைபேசியில் பேசியவர் "இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. திறப்புத் திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, "தாடி வடிவில்லை" என்றாள்.

ஏன் அவளுக்கு வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. வைத்தியருக்கும் விளங்கவில்லை. அதிர்ஷ்டம் என்றார். படித்த மனுஷர் அந்தச் சொல்லைச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பிள்ளையை இரண்டாம் தரம் அனுப்ப முடியாது. அடுத்த கிழமையில் இருந்து வரலாம் என்று பள்ளியில் இருந்து கடிதம் வந்ததும், இனிப் போதும், கோடை விடுமுறைவரை வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

"இப்பதான் அவள் போகவேணும்," என்றாள் மனைவி.

"இவ்வளவு பட்ட பிறகுமோ?"

"பட்டபடியாத்தான். அவளுக்கு வந்து மாறிப்போச்சு. கொஞ்ச மாதத்துக்குத் திரும்ப வாறது குறைவு எண்டு டொக்டரே சொல்லுறார். அந்தப் பள்ளிக்கூடத்திலை எனக்குப் பயமில்லாத ஒரே பிள்ளை இப்ப இவள்தான். இதை விட்டா வேறை எப்ப அனுப்புறது?"

இந்தக் கணக்கை நான் இரண்டு மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவளுடைய விடைதான் வந்தது.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் காரில் போனோம். மனைவி பின் ஆசனத்தில் முகக்கவசத்தோடு இருந்தாள். மருத்துவமனை தவிர அவள் வீட்டை விட்டு வெளியே வந்து எவ்வளவோ காலம். பள்ளி வேலிக்கு அருகில் நிறுத்தினேன். மகள் இறங்கி, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பாதி முற்றத்தில் இன்னொரு பிள்ளை அவளைக் கண்டு கையைக் காட்டியது. நடை ஓட்டமானது.

"திரும்பிப் பாக்கேல்லை," என்றாள் மனைவி.

"பாக்கேல்லை."

கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். முற்றத்துச் சத்தம் உள்ளே வந்தது. நான் காரை எடுக்கத் திறப்பைத் திருப்பினேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள். "உள்ளுக்கை போகட்டும்."

மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போய், முற்றம் வெறுமையான பிறகும் அவள் போகச் சொல்லவில்லை. நான் நிறுத்தியிருந்தது நிறுத்தக் கூடாத இடம். பின்னால் வந்த ஒருவர் ஹோர்ன் அடித்தார். கையை வெளியே நீட்டி, சுற்றிப் போகச் சொன்னேன்.