கவிழ்ந்து கிடந்த கார்டு

மேலகரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுத்து வருபவர் சிவனணைந்தபெருமாள். ஊரார் அவரைப் பெருமாள் என்றே அழைப்பர். தென்காசி, இலத்தூர், செங்கோட்டை வட்டாரத்தில் அவர் கேமராவுடன் ஏறாத மணமேடை இல்லை. அவரும் அவருடைய மனைவி முத்துசெல்வியும் சேர்ந்தே ஸ்டுடியோவை நடத்துகின்றனர். இவ்விருவரும் ஒரு முழுநீளத் திரைப்படம் எடுத்தனர் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

படம் எடுத்த கேமரா, வேறொருவர் கழித்துவிட்ட பழைய ஸ்டில் கேமரா. மதுரையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் மலிவாகக் கிடைத்தது. அந்த வகைக் கேமராவில் தயாரிப்பாளர்கள் பூட்டி வைத்த திறன் ஒன்று உண்டு என்றும், ஆர்வலர்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் ஒரு மென்பொருளை ஏற்றினால் அப்பூட்டுத் திறந்து, திரையரங்கில் காட்டத்தக்க தரத்தில் படம் பதியும் என்றும் பெருமாள் படித்தறிந்தார். ஏற்றினார், பதிந்தது. ஆனால் ஆறாவது நிமிடத்தில் கேமரா கை வைக்க முடியாதபடி சுட்டது. பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி ஒன்றை அலுமினியத் தகட்டில் பொருத்தி, அதைக் கேமராவின் முதுகில் கட்டினார். சூடு தணிந்தது, இரைச்சல் சேர்ந்தது. ஆகவே ஒலியைத் தனியே கைப்பேசியில் பதியும் பொறுப்பு முத்துசெல்விக்கு வந்தது. இன்னொரு குறையும் இருந்தது. அவ்வாறு பதிந்த காட்சிகளை வேறொரு மென்பொருளால் மாற்றினால்தான் பார்க்க முடியும். அதுவரை, கார்டில் வீடியோவே இல்லை என்றுதான் கணினி காட்டும்.

படத்தின் கதை, குற்றாலத்து அருவி ஒன்றில் விசிலுடன் நிற்கும் காவலரைப் பற்றியது. காவலராக நடித்தவர் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் மகாராஜா. பணியில் இருந்தபோது பல சாரல் பருவங்களில் அருவிக்கரையில் அவர் நின்றிருக்கிறார். அவருக்கு நடிப்பு வராது, நிற்கத் தெரியும். அதுவே போதும் என்று பெருமாள் கருதினார். முதல் நாள் விசிறியைப் பார்த்துவிட்டு மகாராஜா கேட்டார்: "என்னவே பெருமாளு, கேமராவுக்கு வேர்க்குதோ? மாப்பிள்ளைக்கு வீசுத மாதிரில்லா வீசுதீரு." அதன்பின் மூன்று பருவங்கள் படப்பிடிப்பு நடந்தது. வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதிக்கப்படும் நாள்களில்தான் ஆளில்லாத அருவி கிடைக்கும். அந்நாள்களுக்காகக் காத்திருந்து எடுத்தனர்.

ஒரு காட்சி மட்டும் எஞ்சியது. தாம் காவல் நின்ற நாளில் இறந்துபோன குழந்தையின் தாயிடம் காவலர் உண்மையைச் சொல்ல வேண்டும். பெருமாள் எழுதிக் கொடுத்த வசனத்தை மகாராஜா மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நடந்ததையே சொல்வதாகக் கூறினார். அப்போதுதான் கணவனும் மனைவியும் அதை அறிந்தனர்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு மகாராஜா காவல் நின்ற அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. எந்த அருவி என்பது இங்குத் தேவையில்லை. இலத்தூரைச் சேர்ந்த நிர்மலாதேவியின் ஏழு வயது மகளை அது இழுத்துச் சென்றது. நிர்மலாதேவி பெண்கள் பகுதியில் குளித்துக்கொண்டிருந்தார். மகளைத் தகப்பன் பாண்டிராஜோடு அனுப்பியிருந்தார். விசில் உரிய நேரத்தில் ஊதப்பட்டதாகவும், குழந்தை கால் வழுக்கி விழுந்ததாகவும் விசாரணை முடிந்தது.

மகாராஜா ஒரு நிபந்தனை விதித்தார். படத்தை முதலில் நிர்மலாதேவி பார்க்க வேண்டும். "நேர்ல போயிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ஆனா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவ கேக்கணும். ஒருக்கத்தான் சொல்லுவேன், பாத்துக்கிடும்."

ஆனி மாதத்தின் கடைசி வாரத்தில், சாரல் விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், பாறை மீது அமர்ந்து அவர் சொன்னார். தண்ணீரின் நிறம் மாறியதையும், சருகும் சுள்ளியும் இறங்கி வந்ததையும் தாம் கண்டதாகச் சொன்னார். விசிலை வாயில் வைத்ததாகவும், தெரிந்த ஆள் ஒருவர் இன்னும் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டிக் கேட்டதாகவும் சொன்னார். "நான் விசில எறக்கிட்டேன்" என்று முடித்தார். நான்கு நிமிடங்கள். பெருமாள் கேமராவை நிறுத்த மறந்து நின்றார்.

அவர்களுடைய ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கார்டுகளை எவர்சில்வர் தூக்குவாளியின் மூடியில் வைப்பார்கள். பெயர் ஒட்டிய பக்கம் மேலே தெரிந்தால் உள்ளே படம் இருக்கிறது. கவிழ்ந்து கிடந்தால் படி எடுத்தாயிற்று, அழிக்கலாம். ஒரே நாளில் மூன்று மண்டபங்களுக்குப் போக நேரும் தொழிலில் இந்த வழக்கம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று சாரலில் கார்டும் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெருமாள் அதைக் கேமராவிலிருந்து எடுத்துத் துடைத்து, அடிப்பக்கத்தில் உள்ள செப்புத் தகடுகள் காய வேண்டுமென்று அவை மேலே தெரியும்படி வைத்தார். அதாவது, கவிழ்த்து வைத்தார். உலர்ந்தபின் படி எடுக்கலாம் என்று படுத்தவருக்குக் காய்ச்சல் கண்டது.

மறுநாள் ஆடிக்கு முந்திய கடைசி முகூர்த்தம். விடியலில் முத்துசெல்வி மூடியைப் பார்த்தார். நான்கு கார்டுகளும் ஒன்றுபோல் கவிழ்ந்து கிடந்தன. என்றாலும் ஒவ்வொன்றையும் கணினியில் செருகிப் பார்த்தார். எதிலும் வீடியோ இல்லை. நான்கையும் அழித்து எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் புறப்பட்டார்.

மண்டபத்திலிருந்து திரும்பிய முத்துசெல்வியிடம், மூடியில் இருந்த கார்டு எங்கே என்று பெருமாள் கேட்டார்.

"எந்தக் கார்டு? எல்லாம் கவுந்துல்லா கெடந்துது."

அழிந்ததை மீட்கும் மென்பொருள்களைப் பெருமாள் மூன்று நாள்கள் ஓட்டிப் பார்த்தார். மாலை மாற்றுதல், மிஞ்சி இடுதல், பந்தி ஆகியவையே மீண்டும் மீண்டும் வந்தன. மகாராஜாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு திருமணம் முழுமையாகப் பதிந்திருந்தது.

இருவரும் மகாராஜாவின் வீட்டுக்குப் போனார்கள். மறுபடி எடுக்கலாமா என்று பெருமாள் கேட்கவில்லை, முத்துசெல்விதான் கேட்டார். "ரெண்டாந்தரம் சொன்னா அது நடிப்பாயிரும்மா" என்றார் மகாராஜா.

குரல் மட்டும் முத்துசெல்வியின் கைப்பேசியில் இருந்தது. பெருமாள் அந்த நான்கு நிமிடங்களுக்குத் திரையை இருளாக விட்டு, குரலை அதில் வைத்துப் படத்தை முடித்தார். முகம் இல்லாத குறையை எப்படி ஈடுசெய்வது என்று அவர் வருந்தியபோது, தாமே வந்து நிர்மலாதேவியின் எதிரில் உட்காருவதாக மகாராஜா கூறினார். தெம்பு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், இலத்தூரில் நிர்மலாதேவியின் வீட்டில் சன்னல்களைச் சாத்திப் படத்தைப் போட்டார்கள். பாண்டிராஜும் காவல் துறையில் பணிபுரிபவர். அன்று அவருக்கு விடுமுறை. கதவோரம் சாய்ந்து நின்று பார்த்தார். திரை இருண்டு குரல் எழுந்தபோது மகாராஜா நாற்காலியைத் திருப்பி நிர்மலாதேவியைப் பார்த்து உட்கார்ந்தார். மகாராஜா விரும்பியபடியே, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் தாய் முழுவதையும் கேட்டார். அழவில்லை.

குரல் முடிந்ததும் நிர்மலாதேவி ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தெரிஞ்ச ஆளு யாரு, அண்ணாச்சி?"

பதினொரு ஆண்டுகள் காத்த பெயரை அன்றும் மகாராஜாவின் வாய் காத்தது. ஆனால் அவருடைய கண்கள் ஒரு கணம் எழுந்து கதவோரம் போய்த் தாழ்ந்தன. அந்த முகம் படத்தில் இருந்திருந்தால், அது பாறையையும் கேமராவையும் அன்றி வேறெதையும் பார்த்திருக்காது.

நிர்மலாதேவி கணவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்ககூட வரமாட்டேன்னுதான் புள்ள சொன்னா. நாந்தான் நிம்மதியா குளிக்கணும்னு அனுப்பி வச்சேன். அதச் சொல்லிச் சொல்லிப் பதினோரு வருசமா ஒங்ககிட்ட அழுதுருக்கேன். நீங்க கேட்டுக்கிட்டேதான இருந்தீங்க?"

படத்தில் அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது: ஆளில்லாத அருவி. முத்துசெல்விதான் எழுந்து போய் நிறுத்தினார்.

நிர்மலாதேவி இப்போது திருவேங்கடத்தில் தம் அண்ணன் வீட்டில் இருக்கிறார். மகாராஜா குற்றாலத்துப் பக்கம் வருவதில்லை. படவிழா ஒன்றுக்கு அனுப்புவதற்கான விண்ணப்பத்தைப் பெருமாள் நிரப்பி வைத்திருந்தார். நிர்மலாதேவியின் இசைவைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

ஐப்பசியில் நிர்மலாதேவியே அழைத்தார். படத்தை அவர்கள் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்றார். "அந்தக் குரல மட்டும் எனக்கு அனுப்பிட்டு, ஒங்ககிட்ட இருக்கத அழிச்சிருங்க. அது எங்க வீட்டுச் சங்கதி."

பெருமாள் அனுப்பினார். பின்னர் கணினியிலிருந்தும் வட்டிலிருந்தும் அழித்தார். முத்துசெல்வி தம் கைப்பேசியிலிருந்து அழித்தார். எங்கேனும் படி எஞ்சியிருக்கிறதா என்று இம்முறை இருவரும் இரண்டு தடவை சரிபார்த்தனர். ஒன்றும் எஞ்சவில்லை.

இன்று அந்தப் படத்தின் நடுவே நான்கு நிமிடங்கள் திரை இருண்டு கிடக்கிறது, ஒலியும் இல்லை. அந்த இடத்தை வெட்டி ஒட்டிவிடலாமே என்று இதை எழுதும் நான் கேட்டதற்கு, அதை வெட்டினால் அப்புறம் படத்தில் என்ன இருக்கிறது என்று பெருமாள் திருப்பிக் கேட்டார். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. கேமராவின் முதுகிலிருந்த விசிறியை அவர் கழற்றிவிட்டார். கார்த்திகை முகூர்த்தங்களுக்குக் கேமராவைச் சாதாரணப் பதிவுக்கு மாற்றி மேடைக்கு எடுத்துச் செல்கிறார். இப்போது அது சுடுவதில்லை.