தாகம் என்று அக்கா சொன்னபோது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் எங்கள் அக்காவைக் கடைசியாகப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அதைக் குறையாக எழுதவில்லை. அவரைப் பற்றிச் சொல்வதற்கு இப்போது மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில், உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காவேரிப்பட்டினத்தில், தென்பெண்ணையை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில். அவருக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து நான் பிறந்தேன். அக்காவின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் அப்படியொரு ஞாபகசக்தியை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. உறவில் யார் எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன நட்சத்திரத்தில் பிறந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜாதகத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். களை எடுக்க வந்த பெண்களிடம் தெலுங்கும், வெல்லம் வாங்க வந்த வியாபாரிகளிடம் கன்னடமும் கேட்டுக் கேட்டே பேசக் கற்றார்.

பதினேழு வயதில் சூளகிரிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் வியாதி வந்தது. ஆளில்லாத இடத்திலிருந்து யாரோ தம்மை ஏசுவதாகச் சொன்னார். சமைத்ததை விஷம் என்று கொட்டினார். புகுந்த வீட்டார் ஒரு நாள் காலையில் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாட்டைக்கூட அவிழ்க்காமல் திரும்பிப் போனார்கள்.

அப்பா கோயில்களுக்கு அழைத்துப் போனார்; மந்திரிப்பவர்களிடம் காட்டினார்; கடைசியில் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சீட்டில் ஸ்கிஸோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு, என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குச் செய்த வைத்தியம் இன்சுலின் ஊசி. நினைவு தப்பும் வரை போட்டு, பிறகு சர்க்கரைத் தண்ணீர் செலுத்தி எழுப்புவார்கள். பல வாரங்கள் அப்படிச் செய்தார்கள். அக்கா சாந்தமாகத்தான் திரும்பி வந்தார். ஆனால் அந்த ஊசியைப் பற்றி யாராவது பேசினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

பெற்றோர் காலமான பின், எனக்கு ஓசூர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பெண் பார்த்த இரண்டு இடங்களிலும் அக்காவைப் பற்றித் தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நானும் பிறகு கேட்டுப் போகவில்லை. யாரும் வராத வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே போகும் என்பதை அந்த வருஷங்களில் கண்டேன். நான் கச்சேரிக்குப் போவேன், வருவேன். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வருஷங்கள் அப்படிப் போயின.

மாகாணத்தை மொழிவாரியாகப் பிரித்த வருஷம் அக்காவின் நிலை மோசமாயிற்று. பருத்திருந்த உடம்பு மளமளவென்று வற்றியது. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டெடுத்து உட்காருவார். பாதிப் பேச்சில் சொல் கிடைக்காமல் நிறுத்திவிடுவார். ஓயாமல் தண்ணீர் குடித்தார், பாய் நனைந்தது. பழைய நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

“தாகமா இருக்குதுடா தம்பி” என்பார்.

“இப்பத்தானே அக்கா ஒரு சொம்பு குடிச்சே” என்பேன்.

நான் செய்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. தண்ணீர்த் தவலையை அவர் கைக்கு எட்டாத பரண்மேல் ஏற்றி வைத்தேன். ஒரு நாள் கச்சேரியிலிருந்து திரும்பியபோது, கால் கழுவ வைத்திருந்த வாளியில் வாய் வைத்து அக்கா குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடியவர்போல் விலகி நின்றார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்குத் துணி வெளுக்கும் அம்மாள் வாசலில் தயங்கி நின்றார். “கோவிச்சுக்காதீங்க ஐயா. அக்காம்மா சீலையில எறும்பு ஏறுது. எங்க மாமியாளுக்கும் இப்படித்தான் ஏறிச்சு. அது சக்கரை வியாதிங்க. புத்தி கெட்டதுனால இல்லீங்க” என்றார்.

மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவோடு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். சானமாவுக் காட்டருகே யானைகள் பாதையைக் கடக்கின்றன என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அக்கா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் நான் கூனிக்குறுகி, பேசாமல் இருக்கும்படி அவரை அதட்டினேன். முன் இருக்கையில் இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் தம் கூஜாவை மூடி திறந்து நீட்டினார். “குடிக்கட்டும் தம்பி. தாகத்துக்கு என்னா வெக்கம்?” என்றார். அக்கா கூஜாவைக் காலி செய்தார். அந்த வியாபாரியின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கிருஷ்ணகிரி டாக்டர், அக்காவின் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. நான் அக்காவின் பழைய கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பைத்தியம்னு ஒரு பேர் வந்துட்டா, அவங்க சொல்றதையெல்லாம் அதுலயே சேத்துடறோம். தாகம்னு சொன்னாங்க இல்ல? தாகந்தான் இருந்திருக்குது” என்றார். மனநோய் வேறு, இது வேறு. ஆனால் இதைக் கவனிக்காமல் விட்டால் உள்ள அறிவும் மங்கும் என்று விளக்கினார். இன்சுலின் போட வேண்டும் என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து அறை மூலையில் போய் நின்றுகொண்டார். “அந்த ஊசி வேண்டாம்டா. அதைப் போட்டா நான் இருக்க மாட்டேன்.”

டாக்டர் எழுந்து அவர் அருகே போய், இது சிறிய அளவு, தூங்க வைப்பதற்கு அல்ல என்று மெதுவாகச் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ எதிர்லயே உக்காந்திருப்பியா?”

“இருக்கேன் அக்கா.”

“நான் பேசிக்கிட்டே இருப்பேன். பேச்சு நின்னா சக்கரை குடு.”

ஊசி போட்டதும் அவர் பேசினார். பேச வேறு விஷயம் கிடைக்காமல், உறவினர் பெயர்களையும் நட்சத்திரங்களையும் சொல்லத் தொடங்கினார். அப்பா, அம்மா, நான். அதற்கு மேல் வரவில்லை. அந்த மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு அவர் வாயையே பார்த்திருந்தேன்.

ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் ஊசி முடிந்ததும் அக்கா அதே வரிசையைச் சொல்வார். களியின் அளவைக் குறைத்தோம். சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்தோம். இரண்டாம் மாதம் பெரியப்பா வீட்டார் வரிசையில் சேர்ந்தார்கள். பிறகு தாய்மாமன் பிள்ளைகள். ஆறு மாதத்தில் நாற்பது பேருக்கு மேல் சொன்னார். இதை வாசிக்கும் உங்களில் அநேகர் அதில் உண்டு. ஏசும் குரல்கள் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால், “இன்னிக்கும் அதுங்க பேசுது. நான் காது குடுக்கல” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயும் அளவுக்குத் தெளிந்தார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாளோடு வேலிக்கு இப்பாலிருந்து பேசவும் ஆரம்பித்தார்.

தெளிந்ததில் ஒரு துயரமும் வந்தது. அதுவரை யாரும் வராதது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போது அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் வரிசையைச் சொல்லி முடித்துவிட்டு, “இத்தினி பேரு நட்சத்திரம் எனக்குத் தெரியுது. என் நட்சத்திரம் யாருக்காவது தெரியுமாடா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவரோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

“உத்திரட்டாதி. பங்குனி மாசம். எழுதி வெச்சுக்கோ” என்றார் அக்கா. எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்படி இரண்டு வருஷம் எங்களுக்குக் கிடைத்தது. சென்ற ஐப்பசி மழையில் ஏரிக்கரை முள் ஒன்று பாதத்தில் ஏறியது. வலியே தெரியவில்லை என்றார். அதனால் நானும் தாமதமாகத்தான் பார்த்தேன். புண் காலில் ஏறி, ஜுரம் கண்டது. கிருஷ்ணகிரிக்குக் கொண்டு சென்றும் பயனில்லை. நான்காம் நாள் முற்பகலில், நான் எதிரே உட்கார்ந்திருக்கையில், பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சர்க்கரையைக் கரைத்து உதட்டில் வைத்தேன். உள்ளே இறங்கவில்லை.

மயானத்துக்கு என்னோடு ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கும், எங்களுக்காகத் தம் சாப்பாட்டு நேரத்தையும் ஒதுக்கிய டாக்டருக்கும், பெயர் தெரியாத அந்த வியாபாரிக்கும், வேலிக்கு அப்பாலிருந்து பேச்சுக் கொடுத்த அம்மாளுக்கும் என் நன்றி. நான் காணாததைக் கண்டு, என் கோபத்துக்கு அஞ்சாமல் சொன்ன துணி வெளுக்கும் அம்மாளுக்கு நன்றி என்ற சொல் போதாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் உடம்புக்கு என்ன என்றும் ஒருமுறை கேளுங்கள்.

அக்காவின் வருஷத் திதி வருகிறது; நாள் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வழி தெரியாதவர்கள் அநேகர் இருப்பீர்கள்; ஆகவே எழுதுகிறேன். ஓசூரில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, ஏரிப் பக்கம் போகும் தெருவில் திரும்பினால், இடது கையில் ஐந்தாவது வீடு. வாசலில் கறிவேப்பிலை மரம் நிற்கும். பகல் சாப்பாடு இங்கேதான். நாற்பது பேருக்கு இலை அறுத்து வைத்திருப்பேன்.