கரி ஒட்டாத குட்டி

என் பழைய ஷிப்ட் சட்டை ஒன்று பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. எத்தனை சோப்பு போட்டாலும் அதன் பழுப்பு போகாது. பழுப்பு நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தவர்கள் சட்டையெல்லாம் அப்படித்தான். அதை ஒரு காலத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிஸ்டரிடம் கொடுத்திருந்தேன், ஒரு மரநாய்க் குட்டி படுத்துக்கொள்ள.

சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி நர்ஸ். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், தனிக்கட்டை. தாயில்லாத குட்டி எது கிடைத்தாலும் எடுத்து வளர்ப்பார். வாட்ஸ்அப் புதிதாக வந்திருந்த காலம். முந்திரித் தோப்பில் மரம் வெட்டியபோது தாய் நசுங்கிச் செத்துவிட, அநாதையாகக் கிடந்த குட்டி அது. மரநாய் என்றால் சாம்பல் கறுப்பாக இருக்கும். இதுவோ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்தவர்களை விரட்டியே சிஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வனத்துறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “பால் மறக்கற வரைக்கும் நீங்களே வச்சிருங்க சிஸ்டர். வெளியில பொழைக்காதுன்னா கூண்டுதான்” என்று சொல்லிப் போனார். அந்தக் கூண்டு என்ற சொல்தான் சிஸ்டருக்கு ஆகவே ஆகாது.

அவர் ரிடையர் ஆகும் நேரம் வேறு. ரிடையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டில் மரம் கிடையாது, தெருநாய்க்குக் குறைச்சல் கிடையாது. குட்டி மரம் ஏறியது, பழம் பறித்துத் தின்றது, எல்லாம் சரி. நிறம்தான் பிடித்த சனியன். இருட்டில் மதில்மேல் நடந்தால் தெருக்கோடிக்குத் தெரியும்.

“தம்பி, உன் சட்டையில ஒட்டிக்கினு போவவே மாட்டேங்குதே, அந்தக் கரித்தூள் கொஞ்சம் கொண்டாந்து குடு” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, என்ன சொல்ல! இரண்டு பேருமாகப் பூசினோம். வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோ நாளா கான்ட்ராக்ட், இப்ப கரி ஏறி மைன்ஸ்ல பர்மனென்ட் ஆயிட்டான்” என்று சிரித்தார். பொழுது சாயப் பின்பக்கத்து மரத்தில் ஏற்றிவிட்டோம்.

காலையில் அது பின்வாசலில் என் சட்டைமேல் படுத்திருந்தது. உடம்பு முழுக்க நக்கி நக்கி மறுபடியும் வெள்ளை. நாக்கெல்லாம் கரி, ஒரு காது கிழிந்து ரத்தம். மருந்து போட்டபடியே சிஸ்டர் அழுதார். “சட்டைய வுட்டுப் போவாத கரி, இதுகிட்ட ஒரு ராத்திரி நிக்கலையே தம்பி.” பிறகு அவரே வனத்துறைக்குப் போன் செய்தார். வண்டி போனதும் சட்டையை மடித்து என்னிடம் கொடுத்தார். “அவனுக்குக் கூண்டு, எனக்கு வாடகை வூடு. போதும்பா, என்னால முடியல.” அதன் பிறகு அவர் எந்தக் குட்டியையும் தொடவில்லை.

இப்போது நானும் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறேன். இதைக் கரித்துணியாக்கலாமா என்று மனைவி சட்டையை எடுத்துக் காட்டினாள். காலரில் நாலைந்து வெள்ளை முடி. தட்டிப் பார்த்தேன். அதுவும் போகவில்லை.