தாடையைப் பிடித்திருந்த கைகள்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் லேபர் ஆபீசராக இருந்தேன். முதலுதவிப் பயிற்சி முடித்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

ஒரு மதியம், டியூப்லைட் மாற்ற ஏறிய எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்தார். அவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஓடிப்போய், கையில் கிடைத்த துணிக்கட்டை அவர் தலைக்கு அடியில் வைத்தேன். எங்கள் ஆலையில் யார் மயங்கினாலும் முதலில் செய்வது அதுதான். துணிக்கு அங்கே பஞ்சமில்லை. குறட்டை மாதிரி சத்தம் வந்தது. "பயப்படாதீங்க, அசந்து கிடக்கார்" என்றேன். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று பயிற்சியில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

சற்று நேரத்தில் சத்தம் நின்றது. உதடு கறுத்தது.

"சார், தலைக்கு வச்சத எடுங்க! அவியளுக்கு மூச்சு வரல!" நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த பெண் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?" என்றார் மேஸ்திரி. சிலர் சிரித்தார்கள். நானும் "தள்ளிப் போம்மா" என்றேன்.

அவர் போகவில்லை. தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்து திரும்பாமல் தலையைத் தாங்கிக்கொண்டு துணிக்கட்டை உருவச் சொன்னார். காதுக்குக் கீழே, தாடையின் இரு மூலைகளிலும் விரல்களைக் கொடுத்து முன்னால் தூக்கினார். எலெக்ட்ரீஷியனின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சிங்ஹோமில் ஆயாவாக இருந்தபோது, மயக்க மருந்து டாக்டர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வேனில் அவர் கையை எடுக்கவில்லை. "விட்டா மறுபடி அடைச்சிரும் சார்" என்றார்.

"தாடையைத் தூக்கிப் பிடிக்கணும்னு யாருக்குத் தெரிஞ்சுது? அதுதான் ஆளைக் காப்பாத்துச்சு" என்றார் டாக்டர்.

"நான்தான் பிடிக்கச் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண் மரத்துப்போன விரல்களை நீவிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆலையில் முதலாளி எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டியபோது அவரும் கைதட்டினார்.

மறுவருடம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குள் எத்தனையோ முறை அவருடைய மெஷின் பக்கம் போய், மன்னிப்புக் கேட்காமலே திரும்பியிருக்கிறேன். படித்ததைப் பதற்றத்தில் மறந்ததற்கு என்னை மன்னித்துக்கொண்டேன். ஆள் பிழைத்த பிறகு, பதற்றமெல்லாம் அடங்கிய நேரத்தில் சொன்ன அந்த மூன்று சொற்களை இந்த வயதிலும் மன்னிக்க முடியவில்லை.